மரப்பெட்டி, பேலட் ஹீட் ட்ரீட்மென்ட் – குலசேகரம் ரோட்டு யூனிட், 4 ஸ்டார்

கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடியில கல் சிலை பட்டறை வச்சிருக்கவங்க, அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஃபேக்டரி நடத்துறவங்க, தும்பு, கயிறுன்னு வெளிநாட்டுக்கு சரக்கு விடுறவங்க எல்லாருக்கும் சேத்து எழுதுறேன், ஏன்னா இந்த யூனிட்டுக்கு இருக்குற ரிவ்யூல பாதி 'குட்', 'நைஸ்', 'சூப்பர் சர்வீஸ்'னு தான் கெடக்கு, அதை வச்சு ஒருத்தன் எப்பிடி முடிவு பண்ணுவான். ட்ரீட்மென்ட், அதாவது பெட்டி மரத்தை சூடாக்கி உள்ள இருக்குற புழுவை கொல்லுற விஷயத்துல இவங்கள நம்பி பெட்டியை குடுக்கலாம், பெட்டி அடிக்கிற வேலையும் கொள்ளாம், நல்லா தான் இருக்கு, ஆனா ஃபோன் எடுக்க மாட்டாவ, மழைக்காலத்துல மரம் ஈரமா தான் கெடைக்கும். ஒரு ஸ்டார் கொறச்சது அந்த ரெண்டுக்கும் தான்.

எங்க பட்டறையில உளி பிடிக்கிறது அண்ணன், பேக்கிங், பில்லு, ஷிப்பிங் ஏஜென்ட் கூட மல்லுக்கட்டுறது எல்லாம் நான். மலேசியா, ஆஸ்திரேலியா, கனடான்னு கோயில் கமிட்டிக்காரங்க ஆர்டர் குடுப்பாங்க, தூத்துக்குடி வழியா கப்பல்ல போகும். கருங்கல் ஒரு கன அடியே 75 கிலோவுக்கு மேல வரும், அப்போ நாலடி அம்மன் பீடத்தோட சேந்து எவ்வளவு எடை வரும்னு பாத்துக்கிடுங்க, அதை தாங்குற பெட்டிக்கு அடியில நாலு இன்ச்சு கனத்துல கட்டை போடணும். பிரச்சனையே அந்த கட்டையில தான் ஆரம்பிக்குது.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் விஷயம் சொல்லிருதேன். சரக்கு கல்லா இருக்கட்டும், இரும்பா இருக்கட்டும், அதை சுத்தி இருக்குற பெட்டி மரமா இருந்தா அதுக்கு தனி சட்டம். ஐஎஸ்பிஎம் 15ன்னு பேரு, 2002ல ஐக்கிய நாடுகளோட உணவு வேளாண் அமைப்புக்கு கீழ இருக்குற தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்துல கொண்டு வந்தது. பச்ச மரத்துக்குள்ள வண்டோட முட்டையும் புழுவும் ஒளிஞ்சிருந்து பேலட்டோட சேந்து கடல் தாண்டி போயிருது, போன நாட்டுல அதை தின்ன எதிரி கெடையாது, மரத்தை மொட்டை அடிச்சிரும். 1996ல நியூயார்க் புரூக்ளின்ல ஆசிய நீளக்கொம்பு வண்டை கண்டுபிடிச்சாங்க, சீனாவுல இருந்து வந்த பேக்கிங் மரத்துல வந்ததுன்னு சொல்லுதாங்க, அதை ஒழிக்க ஆயிரக்கணக்குல மரத்தை வெட்டி தூளாக்க வேண்டி வந்துச்சு. நம்ம ஊருக்காரனுக்கு இதை ரொம்ப வெளக்க வேண்டாம், மத்திய அமெரிக்கா பக்கத்து பூச்சி அந்த சுருள் வெள்ளை ஈ, 2016ல பொள்ளாச்சி பக்கம் தலை காட்டுச்சு, இப்போ எந்த தென்னந்தோப்புக்கு போனாலும் ஓலைக்கு அடியில வெள்ளையா அப்பிக் கெடக்கு, கீழ உள்ள எலை பூரா கரி பூசுன மாதிரி கருப்பு. வெளியூர் பூச்சி உள்ள வந்தா என்ன ஆகும்னு தோப்பு வச்சிருக்கவன் கிட்ட கேட்டா போதும்.

முன்னாடி நாங்க வேற ஒரு இடத்துல பெட்டி வாங்கிட்டு இருந்தோம். பேரு வேண்டாம். அங்க காலையில பெட்டி அடிச்சா மத்தியானம் ட்ரீட்மென்ட் ஆச்சுன்னு சீலு, சாயங்காலம் லாரி. மரத்தை சூடேத்துற சேம்பர்னு ஒரு ஷெட்டு இருந்துச்சு, அதுக்குள்ள சிமென்ட் மூட்டையும் பழைய பைக்கும் தான் கெடந்துச்சு. வேகமா முடியுது, ரேட்டும் கம்மி, யாருக்கு வேண்டாம்னு தோணும். ஒரு பிள்ளையாரும் ரெண்டு துவாரபாலகரும் போன பெட்டியை போய்ச் சேந்த நாட்டு போர்ட்டுல தொறந்து பாத்துட்டு, கட்டையோட ஓரத்துல பட்டை அப்பிடியே இருக்கு, ஓட்டையில இருந்து புது மரத்தூள் கொட்டுதுன்னு போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. திருப்பி அனுப்பு, இல்ல எரி, இல்ல அவங்க சொல்லுற இடத்துல செலவு பண்ணி ட்ரீட்மென்ட் பண்ணுன்னு மூணு வழி குடுத்தாங்க. கும்பாபிஷேகத்துக்கு தேதி குறிச்சு பத்திரிகை அடிச்சாச்சு. கமிட்டி செயலாளர் ராத்திரி ஃபோன் போட்டு 'தம்பி, பெட்டிக்கு காசு குடுத்தோமா சீலுக்கு காசு குடுத்தோமா'ன்னு கேட்டாரு, பதில் சொல்ல முடியல. சீல் அடிச்ச ஆளுக்கு ஃபோன் போட்டா 'சார் டாக்குமென்ட் எல்லாம் பக்கா சார்'ங்குறான். டாக்குமென்ட் பக்கா தான், புழுவுக்கு தான் படிக்க தெரியல.

அதுக்கப்புறம் தான் ஏஜென்ட் இந்த யூனிட்டை சொன்னாரு. தக்கலை தாண்டி குலசேகரம் போற வழியில, ரப்பர் தடி, அதாவது ரப்பர் மரம் அறுக்குற மில்லோட சேந்தே இருக்கு. சூப்பர்வைசர் அண்ணாச்சி ஒருத்தர், மில்லு வேலையிலேயே தலை நரைச்ச ஆளு. பழைய பெட்டி ரெண்டு இருக்கு, சீல் மட்டும் போட்டு குடுப்பீங்களான்னு கேட்டதுக்கு, 'மக்கா, சீலு மட்டும் வேணும்னா ஜங்ஷன்ல ரப்பர் ஸ்டாம்ப் கடை இருக்கு, அங்க போ, இங்க சூடு ஏறுனா தான் சீலு'ன்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டாரு. அன்னைக்கு கடுப்பா தான் இருந்துச்சு, ஆனா அந்த ஒரு வார்த்தைக்காக தான் திரும்ப போனேன்.

சேம்பர் எப்பிடி ஓடுதுன்னு நின்னு பாத்தேன், அதை கொஞ்சம் விரிவா சொல்லுதேன், ஏன்னா வேற எங்க போனாலும் இதை வச்சு நீங்க சோதிக்கலாம். மரத்தை நெருக்கி அடுக்க மாட்டாவ, வரிசைக்கு வரிசை நடுவுல ரீப்பர்னு மெல்லிசு கட்டை குடுத்து காத்து ஓட எடம் விட்டு அடுக்குதாவ. அப்புறம் அண்ணாச்சி உள்ள போயி இருக்குறதுலேயே கனமான கட்டையை தேடி எடுக்காரு, எங்க நாலு இன்ச்சு அடிக்கட்டை தான் அன்னைக்கு மாட்டுச்சு. அதுல நடு மையம் வரைக்கும் ட்ரில் போட்டு, சென்சார் கம்பியை உள்ள சொருகி, ஓட்டை வாயை அடைச்சாரு, அடைக்கலன்னா சேம்பர் சூட்டுக் காத்து ஓட்டை வழியா போயி சென்சார் பொய் சொல்லும். இந்த மாதிரி வேற வேற மூலையிலயும் கட்டையில சொருகிட்டு தான் கதவை அடைச்சாரு. அறுத்த மிச்ச துண்டையும் மரத்தூளையும் எரிச்சு தான் சூடு, ஃபேன் போட்டு அந்த சூட்டை சுத்த விடுதாவ.

கணக்கு என்னன்னா மரத்தோட நடு மையம் 56 டிகிரி செல்சியஸுக்கு வரணும், வந்த பிறகு விடாம 30 நிமிஷம் அதுலயே நிக்கணும். இதுல தான் பல பேரு ஏமாத்துறது. வெளியில மீட்டர்ல 70 டிகிரி காட்டும், ஆஹா ஆயிருச்சுன்னு அணைச்சிருவான், ஆனா உள்ள கட்டையோட மையம் இன்னும் 40லயே தூங்கிட்டு இருக்கும். மெல்லிசு பலகைக்கு சீக்கிரம் ஏறும், கனத்த கட்டைக்கு மணிக்கணக்கு ஆகும், மழைக்கால ஈர மரம்னா இன்னும் கூட. அன்னைக்கு ஸ்கிரீன்ல எங்க கட்டையோட கோடு மட்டும் கீழ தனியா எழைஞ்சு எழைஞ்சு ஏறிச்சு, மத்ததெல்லாம் எப்பவோ 60ஐ தாண்டி போயிருச்சு, எங்க கோடு 56ஐ தொட்ட பிறகு தான் அண்ணாச்சி 30 நிமிஷத்தை எண்ண ஆரம்பிச்சாரு. நடுவுல கரண்டு போயி ஃபேன் நின்னு கோடு லேசா கீழ வந்துச்சு, ஜெனரேட்டர் போட்டு மறுபடி 56 வந்ததும் முதல்ல இருந்து எண்ணுனாரு. பக்கத்துல லாரி டிரைவர் நேரமாவுதுன்னு மொணங்குறான், அவரு கண்டுக்கவே இல்ல. அந்த கிராஃபை பிரிண்ட் எடுத்து பேட்ச் நம்பரோட சர்டிபிகேட் கூட சேத்து தருதாவ, அதை ஃபைல்ல வச்சுக்கோங்க.

சட்டப்படி மத்த நாட்டுக்கு போயி காட்ட வேண்டியது பெட்டி மேல இருக்குற முத்திரை தான், பேப்பர் கெடையாது, ஆனாலும் வாங்குறவங்களும் ஏஜென்ட்டும் சர்டிபிகேட் கேக்காம விட மாட்டாங்க. முத்திரையில கோதுமைக் கதிர் மாதிரி ஒரு அடையாளம், பக்கத்துல இந்தியாவுக்கு ஐஎன், யூனிட் நம்பர், கீழ எச்டி, அதாவது ஹீட் ட்ரீட்மென்ட். பெட்டியோட எதிரெதிர் ரெண்டு பக்கத்துலயாவது தெளிவா தெரியணும், கையால எழுதக் கூடாது, சிவப்பு, ஆரஞ்சு கலர் கூடாது, அது அபாயகரமான சரக்குக்கு உள்ள கலர். இவங்க இரும்பு அச்சை பழுக்க காய்ச்சி சுட்டு போடுதாவ, மழையில அழியாது. பட்டை விஷயத்துலயும் கறார். பட்டை ஒட்டியிருந்தா அகலம் 3 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல அகலம்னா ஒவ்வொரு பட்டை துண்டோட மொத்த பரப்பும் 50 சதுர சென்டிமீட்டருக்கு கம்மியா இருக்கணும், அதெல்லாம் அளந்துட்டு இருக்க முடியுமா, அதனால அண்ணாச்சி ஆளை விட்டு மொத்தமா செதுக்கி எடுத்துருதாரு. நல்லது தான், ஆஸ்திரேலியாக்காரங்க பட்டையை கண்டா அடுத்த கேள்வி கேக்க ஆரம்பிச்சிருவாங்க.

எனக்கு இவங்ககிட்ட ரொம்ப பிடிச்சது முட்டுக்கட்டை சமாச்சாரம். சிலையை பெட்டியில எறக்குன பிறகு ஆடாம இருக்க இடுப்புக்கு, தோளுக்கு, பீடத்துக்குன்னு நாலா பக்கமும் கட்டை வச்சு முட்டு குடுப்போம், இதை எல்லா பட்டறையிலயும் அங்க கெடக்குற ஏதாவது மரத்துண்டை, சில சமயம் வேப்பங்கட்டையை, தென்னை துண்டை வெட்டி தான் சொருகுவாங்க. வெளிப் பெட்டி முழுக்க சீலு, உள்ள சொருகுனது பச்ச மரம், அப்போ அவ்வளவு சூடு குடுத்ததுக்கு என்ன அர்த்தம். இவங்க நாம அளவு சொன்னா அந்த முட்டுக்கட்டையையும் அறுத்து, சேம்பர்ல வச்சு, ஒவ்வொண்ணுலயும் முத்திரை சுட்டு சாக்குல போட்டு பெட்டியோட குடுத்து விடுதாவ. கூடவே ரெண்டு மூணு கட்டை உபரியா, அவசரத்துக்கு. 'இது தீந்தா எனக்கு ஃபோன் பண்ணு, வேற கட்டையை உள்ள வச்சிராத'ன்னு சாக்குல மார்க்கர்ல எழுதி வேற வச்சிருந்தாவ. ஃபோன் பண்ணா எடுத்தா தானே, அது வேற கதை.

வைக்கோலையும் நிப்பாட்டுனது இவங்க தான். அப்பா காலத்துல இருந்து எங்க பட்டறையில சிலையோட மூக்கு, விரல், கிரீடம் எல்லாத்துக்கும் வைக்கோல் சுத்தி தான் அனுப்புவோம், நாஞ்சில் நாட்டுல வைக்கோலுக்கா பஞ்சம். ஆஸ்திரேலியாவுக்கு வைக்கோல் பேக்கிங் ஆகவே ஆகாது, அவங்க கேக்குற பேக்கிங் டிக்ளரேஷன்லயே, அதாவது பேக்கிங்குக்கு என்ன போட்டோம்னு எழுதிக் குடுக்குற பேப்பர்லயே, வைக்கோல் மாதிரி பொருள் உள்ள இருக்கா இல்லையான்னு தனியா கேள்வி உண்டு, மரம் இருந்தா ஐஎஸ்பிஎம் 15 படி ட்ரீட்மென்ட் ஆயிருக்கான்னும் கேள்வி உண்டு. இப்போ ஃபோம் ஷீட் தான் சுத்துதோம். அண்ணனுக்கு இன்னும் மனசு ஆறல, வைக்கோல் மாதிரி வராதுன்னு தான் சொல்லுவான், சாமி விரலு உடையாம போனா சரிடான்னு நான் விட்டுருவேன்.

இனி கொறை. மரம் எல்லாம் ரப்பர் தடி. நம்ம மாவட்டத்துல வேற என்ன கெடைக்கும், பால் வடிச்சு முடிஞ்ச பழைய மரத்தை வெட்டி வர்றது, வெலை கம்மி, ஆணி நல்லா பிடிக்கும். ஆனா ரப்பர் மரத்துல மாவுச்சத்து கூட, வெட்டுன கொஞ்ச நாள்லயே நீலம் பாரிக்கும், வண்டு ஏறி உளுத்து போகும். ஹீட் ட்ரீட்மென்ட் உள்ள இருக்குற புழுவை கொல்லும், நாளைக்கு வெளியில இருந்து வர்ற வண்டை அது தடுக்காது, பூஞ்சையையும் தடுக்காது. மரம் காஞ்சிருச்சுன்னும் அர்த்தம் இல்ல, 56 டிகிரிக்கு வந்த மரம் தொட்டா ஈரமா இருக்கலாம். நமக்கு ஆனி, ஆடியிலயும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலயும் மழை, மரம் எப்ப காயும். ஒரு ஆடி மாசத்து லோடு கன்டெய்னருக்குள்ள வேர்த்து, அங்க தொறக்கும்போது பெட்டி உள்பக்கம் பூரா பச்சை, வெள்ளையா பூஞ்சை, கருங்கல்லுக்கு ஒண்ணும் ஆகல ஆனா பாத்த கமிட்டிக்காரங்க மொகம் சுளிச்சாங்க. இவங்ககிட்ட போரிக் ஆசிட், போராக்ஸ் கலந்த தண்ணியில பலகையை முக்கி எடுக்குற தொட்டி இருக்கு, காய வச்சு குடுக்குற வசதியும் இருக்கு, ஆனா நாமளா கேட்டா தான் பண்ணுவாவ, தனி காசு, கூடுதல் நாளு. கேக்காதவனுக்கு ஈர மரம் தான் போகும். இதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லணும்ல, அங்க தான் எனக்கு வருத்தம். மழைக்காலத்துல போறவங்க கண்டிப்பா கேட்டு வாங்குங்க, இல்லாட்டி அடிக்கட்டை, ஃபிரேம் மட்டும் மரத்துல போட்டு சைடு பூரா பிளைவுட் போடச் சொல்லுங்க. பிளைவுட்டு பசையும் சூடும் அழுத்தமும் குடுத்து செஞ்சது, அதுக்கு இந்த சட்டத்துல விலக்கு உண்டு, 6 மில்லிமீட்டரும் அதுக்கு கீழயும் உள்ள மெல்லிசு மரத்துக்கும் விலக்கு. நாங்க இப்போ அப்பிடி தான் பண்ணுதோம், எடையும் கொறையுது.

புகை போட்டு குடுக்குறது, அதாவது மெத்தில் புரோமைடு கேஸ் அடிக்கிறது இவங்ககிட்ட இல்ல, அது வேணும்னா தூத்துக்குடி பக்கம் தான் போகணும். என்னை கேட்டா அது வேண்டாம். சட்டத்துல எம்பின்னு அதுக்கும் முத்திரை உண்டு, ஆனா ஓசோனை கெடுக்குற கேஸ், ஐரோப்பாவுல 2010லயே அவங்க ஊருக்குள்ள நிப்பாட்டிட்டாங்க, வாசனை வச்சு கண்டுபிடிக்கவும் முடியாது, விஷம், அதுக்கு தனியா லைசென்ஸ் உள்ள ஆளு தான் தொடணும். மரத்தோட சின்ன பக்கம் 20 சென்டிமீட்டருக்கு மேல இருந்தா அந்த முறை செல்லவும் செல்லாது.

பழைய பேலட்டை பத்தியும் பல பேரு கேக்காங்க. தூத்துக்குடியில எறக்குமதி சரக்கோட வந்த பேலட்டு சல்லிசா கெடைக்கும், வெளிநாட்டு முத்திரை இருக்கும். அது உடையாம, பலகை மாத்தாம இருந்தா அப்பிடியே மறுபடி ஏத்துமதிக்கு போடலாம், திரும்ப சூடு வைக்க வேண்டாம். ஒரு பலகையை மாத்துனாலும் அந்த பலகை ட்ரீட்மென்ட் ஆனதா, தனி முத்திரையோட இருக்கணும். மூணுல ஒரு பங்குக்கு மேல மாத்திட்டா பழைய முத்திரை எல்லாத்தையும் அழிச்சுட்டு முழுசா மறுபடி ட்ரீட்மென்ட். இவங்க இதை செஞ்சு குடுக்காவ, ஆனா பழசை கொண்டு போனா கொஞ்சம் மொகம் சுளிப்பாவ, புதுசு விக்கணும்ல.

ரேட்டு மாறிட்டே இருக்கும் அதனால இங்க எழுதல, கன அடி கணக்கு தான். தூத்துக்குடியில கேட்டதை விட கொஞ்சம் கூட, ஆனா காலி பெட்டிக்கு லாரி வாடகை மிச்சம், அதுல சரியா போயிருது. ஜிஎஸ்டி பில்லு கேக்காமலே குடுத்தாவ. ரோடு தான் மோசம், நாலு வழிச்சாலை வேலை, தக்கலை டிராஃபிக்கு, அப்புறம் உள்ள திரும்புற எடத்துல பெரிய லாரி வளையாது, சின்ன வண்டி தான் அனுப்பணும். ஃபோன்... நேரா போறது உத்தமம், சேம்பர் ஓடும்போது அண்ணாச்சி ஃபோனை ஆபீஸ்ல வச்சுட்டு தான் நிப்பாரு. வாட்ஸ்அப் ராத்திரி பாப்பாரு, காலையில பதில் வரும், நடுவுல அவசரம்னா உங்க பாடு.

வாட்ஸ்அப்புல அனுப்பும்போது சிலையோட நீளம், அகலம், ஒயரம், எடை, எந்த நாடு, கப்பல் தேதி எல்லாத்தையும் ஒரே மெசேஜா அனுப்பிருங்க. எடை சொல்லாட்டி அடிக்கட்டை சைஸ் முடிவு பண்ண மாட்டாவ, அதுவரைக்கும் பெட்டி வேலையே ஆரம்பிக்காது.